ஒரு போனும் மூன்று பிள்ளைகளும்

எங்கள் ஊர் எலுவன்குளம். புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதியால் வடக்கே வந்தால், கலா ஓயாவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். அந்தப் பக்கம் வில்பத்துக் காடு. மாரியில் ஆறு பெருகினால் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். ஆறு கடலோடு கலக்கும் கங்கேவாடிப் பக்கம் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கும். வாப்பாவின் தோணியும் அங்கேதான் நிற்கும். மீனும் இறாலும் காற்றும் எங்களுக்குக் குறைவில்லை. 2021 ஆம் ஆண்டு எங்களிடம் இல்லாமற்போனது சிக்னல் மட்டும்தான்.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் எட்டாம் தரம். முதலில் விடுமுறை என்று மகிழ்ந்தோம். இடையில் சில மாதங்கள் திறந்தார்கள், மீண்டும் மூடினார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் மூடியபோது நான் ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். ராத்தா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தா. தம்பிக்கு அது புலமைப்பரிசில் பரீட்சை வருடம். வீட்டில் இருந்தது ஒரேயொரு போன். அதுவும் வாப்பாவுடையது. மீன் முதலாளிக்கு அழைப்பு எடுப்பதற்கும் அதுதான், எங்கள் மூன்று பேருக்கும் வகுப்பறையும் அதுதான்.

வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். குளக்கட்டில் ஏறி நின்றால் மூன்று கோடு வரும். ஆகவே குளக்கட்டு எங்கள் பாடசாலை ஆனது. பின்நேரம் ஆறு மணிக்கு மேல் யானை வரும் என்பதால் அதற்குப் பிறகு வைக்கும் வகுப்புகள் எங்களுக்கு இல்லை. ஆனால் வரவு எடுக்கும்போது, யானைக்குப் பயந்து வராதவருக்கும் தூங்கிப்போனதால் வராதவருக்கும் ஒரே அடையாளம்தான் விழுந்தது. “ஒன்லைனுக்கு வராத பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையில்லை” என்று வட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு செய்தி வந்தது. அன்று ராத்தா குளக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதா.

நாங்கள் மட்டும் இப்படி இருக்கவில்லை. அதே வருடம் ஊவாவின் போஹிடியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழியே நடந்து, ஒரு பாறை உச்சியில் ஏறிப் படித்த செய்தி உலகமெங்கும் போனது. லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மரத்தில் ஏறிப் படித்தார்கள். நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் கூடினால் 40 சதவீதமானோரே இணையவழி வகுப்புகளில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு ஆறுதலும் கோபமும் சேர்ந்தே வந்தன.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதத் துணிந்தது அரசாங்கத்தைக் குறை சொல்வதற்காக மட்டுமல்ல. அநீதி எங்கள் குளக்கட்டிலும் நடந்தது. அதைச் செய்தவள் நான்.

வாப்பா ஒரு நேரசூசி போட்டுத் தந்திருந்தார். காலையில் ராத்தா, பின்நேரம் நானும் தம்பியும் மாறி மாறி. அந்த ஜூன் மாதம் என் கணித வகுப்பையும் தம்பியின் புலமைப்பரிசில் வகுப்பையும் ஒரே நேரத்துக்கு, பின்நேரம் நான்கு மணிக்கு மாற்றினார்கள். முறைப்படி அந்தக் கிழமை தம்பியுடையது. “எனக்குப் பரீட்சை வைக்கிறாங்க” என்று பொய் சொல்லி மூன்று நாட்கள் நான் போனை எடுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டுக்குக் கீழே இறங்கிப் போனான். பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபிகளார் (ஸல்) கட்டளையிட்டதை மத்ரஸாவில் படித்தவள்தான் நானும்.

ஜூலையில் ஆசிரியர்களின் சம்பளப் போராட்டம் தொடங்கியதும் அந்த வகுப்புகளும் நின்றன. 2022 ஜனவரி 22 ஆம் திகதி தம்பி பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளிகள் குறைந்தன. அந்த மூன்று நாட்களில்தான் அந்த ஆறு புள்ளிகளும் போயின என்று யாராலும் சொல்ல முடியாது. போகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

உம்மா 1990 ஒக்டோபரில் ஒன்பது வயதுப் பிள்ளையாக மன்னாரிலிருந்து அகதியாகப் புத்தளத்துக்கு வந்தவர். முகாமில் கிடுகுக் கொட்டிலில், பின்நேர வகுப்பில் படித்தவர். “அந்தக் காலத்தைவிட இது கஷ்டமா உம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். உம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு ஒண்டுமே இருக்கல்ல மகள். ஆனா எல்லாரும் ஒரே கொட்டில்ல இருந்தம். டீச்சருக்கு எங்கட முகம் தெரிஞ்சிச்சு.”

அந்தப் பதிலை நான் பல நாட்கள் யோசித்தேன். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945 இல் கொண்டுவந்த இலவசக் கல்வியின் சிறப்பு, கட்டணம் இல்லை என்பதில் மட்டும் இல்லை. வாசலுக்குள் வந்த பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் ஒரே கரும்பலகையைப் பார்க்கும் என்பதிலும் இருக்கிறது. பாடம் போனுக்குள் போனதும் அந்தக் கரும்பலகை ரீலோட் போடுபவருக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

இடத்தால் வரும் குறையை நம் நாடு அறியாததல்ல. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குத் தனியாக 5 சதவீதமும் இருக்கிறது. புத்தளமும் அவற்றில் ஒன்று. உயர்தரம் படிக்கும் நாங்கள் இதை நன்றாக அறிவோம். ஆனால் அந்தச் சலுகை கடைசி வாசலில்தான் காத்திருக்கிறது. ஐந்தாம் தரத்திலும் ஒன்பதாம் தரத்திலும் தடுக்கி விழுந்த பிள்ளை அந்த வாசல்வரை வருவது எப்படி? ஒரே மாவட்டத்துக்குள்ளும் நகரத்துப் பிள்ளையும் எலுவன்குளத்துப் பிள்ளையும் ஒன்றல்லவே.

செய்ய முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு ஸேர் மோட்டார் சைக்கிளில் வந்து, பாடக் குறிப்புகளின் போட்டோப் பிரதிகளைக் கடையில் வைத்துவிட்டுப் போவார். அடுத்த கிழமை எங்கள் விடைகளை எடுத்துப் போய்த் திருத்தித் தருவார். அந்தத் தாள்களுக்குச் சிக்னல் தேவைப்படவில்லை. இன்னொரு டீச்சர் பாடத்தைக் குரல்பதிவாக அனுப்புவா. ஸும் வகுப்பு ஒரு மணித்தியாலத்தில் தின்னும் டேட்டாவில் ஒரு மாதத்துப் பாடங்களைக் குரலாகக் கேட்கலாம். நேரம் தவறினாலும் இரவில் போன் கிடைத்ததும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புக்கே போய்ப் பாடம் சொன்னார்கள். வெள்ளமோ எரிபொருள் தட்டுப்பாடோ நாளை மீண்டும் பாடசாலையை மூடினால், ஒன்லைன் வகுப்பு தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: யாரால் வர முடியாது? அந்தப் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் நீதி.

கடந்த நோன்பு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். குளக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். “அண்டைக்குப் பரீட்சை ஒண்டும் இருக்கல்லடா” என்றேன்.

“தெரியும் சின்ன ராத்தா” என்றான். “மூணு நாளும் கட்டுக்குக் கீழ நிண்டு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன். டீச்சர் பரீட்சை வைக்கல்ல. பின்னம் படிப்பிச்சாங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்பதாம் தரத்துக் கணிதத்தை ஐந்தாம் தரத்துப் பிள்ளை கட்டுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறான். அவனுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் பாடம் என்று ஏதோ ஒன்று காதில் விழட்டும் என்று நின்றிருக்கிறான்.

அன்று மஃரிபுக்குப் பிறகு அவனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கும் திண்ணையில் பாயை விரித்துக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். விடுமுறை முடியும்வரை அது தொடர்ந்தது. இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையிலும் தொடரும். போனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வருவேன்.