வாடைக்கு முன் ஆயில்

தொண்டிக் கரையில் பாய்மரப் படகுப் போட்டி நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வந்துவிடும். காற்று குடித்து உப்பிய பாய்கள், ஒருக்களித்து ஓடும் வத்தைகள், எதிர்ப்பக்கம் உடம்பைத் தொங்கவிட்டு எடை கொடுக்கும் இளவட்டங்கள். இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் அப்படியொரு படத்தைக் காட்டி, "பாயைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. பலகைக்கு அடியில கிடக்குற இன்ஜினைப் பத்தி யாராவது எழுதுங்களேன்" என்றார். மிஸ்திரி ஒருவரின் பெயரையும் சொல்லி அனுப்பினார். ஐப்பசி பிறந்த கையோடு போனேன். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. வாடைக்காற்று விழுந்துவிட்டால் பாக் விரிகுடாவில் சிறு வத்தைகளுக்கு வேலை இல்லை. தை பிறக்கும்வரை பெரும்பாலானவை கட்டித்தான் கிடக்கும்.

தொண்டிக்குத் தெற்கே கரை, கரை மாதிரியே இருக்காது. சேறு. இடுப்பளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்துபோய்த்தான் வத்தையில் ஏற வேண்டும். மிஸ்திரி பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னைக் கொஞ்ச தூரம் வரை சார் என்றும், கால் சேற்றில் புதைந்து நான் தடுமாறியதற்குப் பிறகு தம்பி என்றும் கூப்பிட்டார்.

மிஸ்திரியின் அப்பா பாய் பிடித்தவர். இவரும் பதினைந்து வயதில் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்து போனவர்தான். கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி நிற்கவே இல்லை என்று வெட்கமில்லாமல் சொல்கிறார். வீட்டில் கோபித்துக்கொண்டு நாகப்பட்டினம் போய், விசைப்படகு இன்ஜின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். சோறு உண்டு, சம்பளம் கிடையாது. இரண்டு வருஷம் டீசலில் நட்டு போல்ட்டு கழுவியது மட்டும்தான் வேலை. "கழுவக் கழுவத்தான் எது எங்க தேயுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு" என்றார். ஊரில் வத்தைகளுக்கு இன்ஜின் வைக்க ஆரம்பித்த காலத்தில் திரும்பி வந்தார். கடல் ஒத்துக்கொள்ளாத இந்த ஆள் இல்லாமல் இன்று அந்தக் கரையில் எந்தப் படகும் கிளம்புவதில்லை.

நாங்கள் ஏறிய வத்தையில் பாயும் அதைத் தாங்கும் பருமல் கழியும் ஓரமாகச் சுருட்டிக் கிடந்தன. அலங்காரத்துக்கு இல்லை. காற்று வாகாக இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடுகிறார்கள், டீசல் மிச்சம். கரையிலிருந்து எடுக்க, வலை போடும் இடத்தில் ஒதுங்க, திரும்பி வரும்போது எதிர்க்காற்றைச் சமாளிக்க என்று இன்ஜின் துண்டு துண்டாக ஓடுகிறது. சிக்கனம்தான். ஆனால் இன்ஜினுக்கு அந்தச் சிக்கனம் ஆகாது என்று மிஸ்திரி சொன்னபோது முதலில் எனக்கு விளங்கவில்லை.

விளங்கிக்கொண்டது இது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நம்ப முடியாது, ஆனால் டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? அநேகமாக எல்லாம் புகையோடு ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். லாரி போல மணிக்கணக்காகச் சூடேறி ஓடினால் அதுவும் ஆவியாகிவிடும். கடல் தண்ணீரையே உறிஞ்சிக் குளிரவைத்துக்கொள்ளும் படகு இன்ஜின் அந்தச் சூட்டுக்குப் போக முடியாது. போனால் தண்ணீர்ப் பாதைகளில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஆக, அரைச்சூட்டில் ஓடி நிற்கிற இன்ஜினின் ஆயிலில் ஈரம் தங்குகிறது. அதோடு டீசலில் இருக்கும் கந்தகம் சேர்ந்தால் அமிலம். 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், முன்பிருந்த 50ஐவிட எவ்வளவோ குறைவு. ஆனால் தண்ணீர் குறையவில்லையே. கரியும் ஈரமும் புளிப்பும் கலந்த அந்த ஆயில், இன்ஜின் ஓடாமல் கிடக்கும் மாதங்களில் பேரிங்கையும் கிராங்க்கையும் மெல்லத் தின்கிறது. அதனால் மிஸ்திரியின் சட்டம் ஒன்றே ஒன்று: ஆயிலைப் படகு கட்டுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும், மறுபடி இறக்கும்போது அல்ல.

இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். ஆயில் சூடானால்தான் இளகும். நாற்பது டிகிரியில் இருக்கும் 15டபிள்யூ 40 ஆயில், நூறு டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ எட்டு மடங்கு இளகிவிடும்; கரியும் அடியில் தங்காமல் கூடவே வரும். லாரியாக இருந்தால் கீழே படுத்து நட்டைக் கழற்றிவிடலாம். இங்கே ஆயில் தேங்கும் சம்ப், படகின் அடிமரமான ஏராவை ஒட்டிக் கிடக்கிறது. நட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் போகாது. வழி ஒன்றுதான்: ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக உறிஞ்சி எடுப்பது.

பையிலிருந்து அவர் எடுத்த கருவியைப் பார்க்கவே அந்தச் சேற்றில் நடக்கலாம். சைக்கிள் பம்ப். அதற்குள் இருக்கும் தோல் வாஷரை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறார். காற்று அடிக்கும் பம்ப் காற்றை இழுக்கும் பம்ப்பாகிவிட்டது. காயலான் கடையில் வாங்கிய பழைய தீயணைப்பு சிலிண்டர் ஒன்று. அதன் மூடியில் இரண்டு குழாய். ஒன்று பம்ப்புக்கு, இன்னொன்று இன்ஜினுக்குள் இறங்கும் மெல்லிய குழாய். பம்ப்புக்குப் போகும் வழியில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி, வால்டியூப் மாட்டியிருந்தார். இழுத்த காற்று திரும்பி உள்ளே போகாது. பிளாஸ்டிக் கேன் வைத்துப் பார்த்தாராம்; உள்ளே காற்று குறைந்ததும் அது நசுங்கிச் சுருண்டுவிட்டது. பிறகுதான் இரும்பு. கடையில் இதே வேலைக்குப் பளபளப்பான பம்ப் கிடைக்கிறது. "அதுல வாஷர் போச்சுன்னா மெட்ராஸுக்கு எழுதணும். இதுக்கு சைக்கிள் கடை போதும்."

இருபது தரம் பம்ப்பை இழுத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழாயில் கறுப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

பழைய ஆயிலில் ஒரு சொட்டைத் தொட்டு, சூடாக இருந்த சைலன்சர் குழாய் மேல் வைத்தார். சடசடவென்று பொரிந்தது. "தண்ணி" என்றார். இன்னொரு சொட்டைத் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றில் வைத்தார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல், வெளியே மங்கலாக ஒரு மஞ்சள் வளையம். கரி ஒரே இடத்தில் திட்டாக நின்றுவிட்டால் ஆயிலில் உள்ள மருந்து தீர்ந்துவிட்டது. வெளி வளையம் அகலமானால் டீசல் ஒழுகிக் கலந்திருக்கிறது. பெரிய கம்பெனிகளின் ஆய்வகங்களிலும் இந்தச் சொட்டுச் சோதனை உண்டு. அங்கே வடிதாள், இங்கே காலண்டர். தேதி தாளிலேயே இருப்பதால் படகின் பெயரை மட்டும் ஓரத்தில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்துக்கொள்கிறார். வீட்டில் அப்படி வருஷக்கணக்கில் குத்திய தாள்கள் இருக்கின்றன. எந்தப் படகின் வளையம் எப்போது அகன்றது என்று அவரால் தாளைப் புரட்டிச் சொல்ல முடிகிறது. இந்தக் கரையின் இன்ஜின்களுக்கு இதைவிட நல்ல மருத்துவக் குறிப்பு இருக்க முடியாது.

ஃபில்டர் மாற்றியதில் எழுத அதிகம் இல்லை. பிளாஸ்டிக் பையைக் கீழே பிடித்து, கழற்றி, புதியதன் ரப்பரில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார். பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். டேப்பட் பார்க்கிறேன் என்று அவர் செய்தது எதுவும் எனக்குப் புரியவில்லை. புது ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சற்று ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுக் கம்பியைப் பார்த்தார். அதில் கம்பெனி போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே அரத்தால் இவர் கீறிய மூன்றாவது கோடு இருந்தது. இன்ஜின் அமரப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், சரிந்து உட்கார்ந்திருப்பதால் இந்த வத்தைக்கு அதுதான் சரியான அளவாம்.

வத்தைக்காரர் மிஸ்திரிக்கு மருமகன் முறை. "மாமா, இப்ப மாத்தினா தையில திரும்பவும் மாத்தச் சொல்லுவீயளா?" என்றார். "ஓடாத ஆயிலு என்னத்துக்குடா கெடுது? கம்பியப் பாத்துட்டு ஓட்டு, மாப்ள" என்று பதில் வந்தது.

இவ்வளவு எளிய சட்டத்தை ஏன் கரை முழுக்கக் கடைப்பிடிக்கவில்லை? காசு வரும் காலம் அப்படி. பருவம் முடியும்போது மீனவர் கையில் ஒன்றும் இருக்காது. தையில் நண்டு வலை இறங்கும்போதுதான் வியாபாரி முன்பணம் தருவார். வலை, டீசல், ஆயில் எல்லாம் அந்தக் கணக்கில். ஆகவே ஆயில் தையில்தான் வாங்கப்படுகிறது. மழைக்காலம் முழுக்க இன்ஜின் பழைய கறுப்பிலேயே ஊறுகிறது. முன்பணம் வாங்கியவர் நண்டை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கமிஷன் தனி. கடையில் கடனுக்குக் கிடைக்கும் ஆயிலில் எது கம்பெனி ஆயில், எது வடிகட்டித் திரும்ப அடைத்தது என்பதைக் கேட்கும் உரிமை கடன்காரனுக்குக் கிடையாது. பேரிங் போனால் மராமத்துக்கும் அந்த வியாபாரியிடமே கை நீட்ட வேண்டும். இங்கே பிடிபடும் நீலநண்டின் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே ஒரு டப்பாவின் விலைக்கு இங்கே ஆறு லிட்டர் ஆயில் வாங்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த டப்பாவுக்கும் இந்த வத்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட ஐப்பசியில் ஆயில் காசு இல்லாமல் தவித்ததில்லை. அரசு மீனவர்களின் டீசலுக்கு விற்பனை வரியை விலக்குகிறது, நல்லது. ஆயிலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. எரிந்து புகையாகப் போவதற்குச் சலுகை, இன்ஜினைக் காப்பாற்றுவதற்கு வரி.

சிலிண்டரில் சேர்ந்த கறுப்பு ஆயிலை அவர் கடலில் கொட்டுவதில்லை. இங்கிருந்து வடக்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடற்பசு மேயும் கடற்புல் இந்தப் பக்கமும் உண்டு. ஆனால் மிஸ்திரியின் காரணம் வேறு: கொட்டினால் வலையில் ஒட்டும், நண்டு நாறும். பழைய ஆயிலைப் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். அப்படி யாரும் இந்தக் கரைக்கு வந்து அவர் பார்த்ததில்லை. வாங்குகிறவர் சென்ட்ரிங் போடும் மேஸ்திரி. கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகையில் தடவுவதற்கு.

திரும்பும் வழியில் கட்டிக் கிடந்த மற்ற வத்தைகளைக் காட்டி, இவற்றுக்கும் இன்றே மாற்றுவீர்களா என்று கேட்டேன். இல்லையாம். இந்த மருமகனுக்குத் தங்கச்சி வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறாள், அதனால் இப்போது ஆயிற்று. மற்றவர்கள் தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் கணக்குநோட்டில் புதுப் பக்கம் அப்போதுதான் திறக்கும்.