உப்பு பாக்கி

உப்புத் தண்ணீர் என்பது எங்கள் தெருவுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக் கொண்டிருந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சாம்பாருக்குத் தனியாக உப்பு போட வேண்டாம், அது ஒன்றுதான் லாபம்! அமெரிக்காவிலும் இந்தக் கூத்து உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், 'சும்மா அளக்காதே' என்றிருப்பேன்.

மினியாபொலிஸில் அக்கா வீடு. கிளேசியர் தேசியப் பூங்காவைக் காட்டுகிறேன் என்று அத்தான் காரைக் கிளப்பினார். இரண்டாவது நாள், வடக்கு டகோட்டாவைத் தாண்டி மொன்டானா மாநிலத்துக்குள் நுழைந்தோம். ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயல், வானம், மறுபடி கோதுமை வயல். நடு நடுவே எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள். பூம்பூம் மாடு மாதிரி, என்ன கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கொண்டே இருக்கின்றன.

"எண்ணெய் ஊற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்காங்க. கொடுத்து வெச்சவங்க மச்சான்!" என்றார் அத்தான்.

பெட்ரோல் போட நிறுத்திய ஊர் பாப்லர். ஆயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஃபோர்ட் பெக் என்ற பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலத்தின் தலைமையிடம். அஸினிபாய்ன், ஸூ என்ற இரண்டு இன மக்களின் பூமி. தெற்கே மிஸௌரி ஆறு ஓடுகிறது.

அக்கா காலி பாட்டில்களோடு கடைக்குள் போனாள். "குழாய்த் தண்ணி குடிக்கலாமான்னு கேளுடா."

மேஜையில் காபி குடித்துக் கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்த இந்தியன்?"

"இந்தியாவிலிருந்து வந்த இந்தியன்."

விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படின்னா கொலம்பஸ் தேடினது உன்னைத்தான். உட்காரு. இந்தத் தண்ணியைத் தாராளமா குடி. இது ஆத்துத் தண்ணி. எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியை மட்டும் கேட்காதே."

ஊருக்கு வடகிழக்கே, எண்ணெய் வயல் பக்கம் அவர் வீடு. ஒரு காலத்தில் நல்ல தண்ணீராம். பிறகு காபி கரித்தது, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை துவைத்துத் துவைத்து விறைத்துப் போனது, குழாய்கள் அரித்தன. "கடல் இங்கேருந்து ஆயிரம் மைல். ஆனா எங்க கிணத்துக்குள்ளே வந்துடுச்சு" என்றார்.

அது கவிதை இல்லை ஸார், நிஜம். ஈஸ்ட் பாப்லர் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1952-இல். 5,000 அடிக்கும் கீழே இருக்கிற பாறையிலிருந்து எண்ணெய் வருகிறது. அது தனியாக வருவதில்லை. 30 கோடி வருஷங்களுக்கும் முந்தைய கடலின் மிச்சமும் கூடவே வருகிறது. இன்றைய கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பு. கிணறு கிழடாக ஆக எண்ணெய் குறையும், உப்பு நீர் கூடும்.

எண்ணெயை விற்கலாம். இந்தத் தண்ணீரை யார் வாங்குவார்கள்? ஆரம்பத்தில் மண்ணில் குழி வெட்டித் தேக்கினார்கள். கிணறு வழியாகவே பூமிக்குள் திருப்பியும் அனுப்பினார்கள். உப்பு சும்மா இருக்குமா? இரும்புக் குழாய்களை அரித்தது. குழியிலிருந்து கசிந்தது, குழாயிலிருந்து ஒழுகியது, சரியாக அடைக்காமல் விட்ட பழைய கிணறுகளின் வழியாக மேலே ஏறியது. ஊர் ஜனங்கள் குடித்துக் கொண்டிருந்த, ஆழமில்லாத நல்ல நீரோடு கலந்தது.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1984-லேயே இதைப் பற்றி அறிக்கை எழுதிவிட்டது. 2004-இல் ஹெலிகாப்டரில் கருவியைத் தொங்கவிட்டு, பூமிக்கடியில் உப்பு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்த்தார்கள். 2014 கணக்குப்படி கெட்டுப்போன பரப்பு சுமார் 46 சதுர கிலோமீட்டர். கெட்டுப்போன நீர் 1,500 கோடியிலிருந்து 3,700 கோடி காலன் வரை. சென்னைக்கு நாளொன்றுக்கு சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக் கொண்டால், இரண்டு மாதத்திலிருந்து நாலரை மாதம் வரை மொத்த சென்னையும் குடித்துக் குளிக்கிற தண்ணீர்!

இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம் ஒன்று உண்டு. உப்பு மக்காது, ஆவியாகாது, மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கவும் செய்யாது. நிலத்தடி நீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். அந்த உப்பு பாப்லர் ஊர்ப் பொதுக் கிணறுகளை நோக்கி, தென்மேற்கே, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. 1999-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டு, பாதித்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும்படி எண்ணெய்க் கம்பெனிகளிடம் சொன்னது. பாட்டில் தண்ணீர் வந்தது. "நாப்பது மாடு இருக்கு. அதுங்களுக்கும் பாட்டிலா?" என்றார் பெரியவர்.

2000-இல் தனிச் சட்டம் போட்டு, அரசாங்கப் பணத்தில் மிஸௌரி ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பாப்லருக்கு அது வந்து சேர 2012 ஆனது. நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. அந்த ஆற்றுக்கு அடியிலேயே, இவர்கள் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு மேற்புறமாக, கீஸ்டோன் எக்ஸ்.எல். என்ற எண்ணெய்க் குழாயைப் போடப் பார்த்தார்கள். 2021-இல்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். எண்ணெய் விற்ற லாபத்தை அந்தந்த வருஷமே புத்தகத்தில் எழுதி, பங்கு பிரித்து, கணக்கை முடித்தாயிற்று. உப்பு மட்டும் யார் லெட்ஜரிலும் ஏறாத செலவு. அதனால் அது பெரியவர் வீட்டுக் கிணற்றில் போய் ஏறிக்கொண்டது. வருஷா வருஷம் கேரி ஃபார்வர்டு. எந்த ஆடிட்டரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் ஆற்றுத் தண்ணீருக்குப் பணம் கட்டியது வரி கட்டுகிற குமாஸ்தாக்கள். உங்களையும் என்னையும் போல.

அக்கா பாட்டில்களை நிரப்பிவிட்டாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

கிளம்பும்போது கேட்டேன்: "அந்தப் பழைய கிணத்தை மூடிட்டீங்களா?"

"இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பம்பைப் போட்டு, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்ப்பேன்."

"எதுக்கு?"

"போயிடுச்சான்னு பார்க்கத்தான். எங்கப்பா தோண்டின கிணறு."

"இந்த வருஷம் பார்த்தீங்களா?"

பதில் சொல்லவில்லை. காபி டம்ளரைப் பார்த்தபடி, இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். பார்க்கவில்லை என்றா, போகவில்லை என்றா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கார் கிளம்பியது. வயல் நடுவே பம்புகள் இன்னமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கொண்டிருந்தன. இந்த முறை அத்தான் எதுவும் சொல்லவில்லை.