முந்நூறு பாட்டில் இரண்டு

பாலக்கோடு பேருந்து நிலையத்தில் காலையில் கேட்பது இளையராஜாதான். மாரண்டஅள்ளி போகும் வண்டியில் ஒரு பாட்டு, காரிமங்கலம் வண்டியில் வேறொரு பாட்டு. இரண்டும் அருகருகே நின்றால் இரண்டு இடையிசையும் ஒன்றோடொன்று மோதும். யாரும் முகம் சுளிப்பதில்லை. ராஜா பாட்டை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் எவ்வளவு சத்தமாகவும் வைக்கலாம். நான் தேடி வந்த இசைக்கு அந்த வசதி கிடையாது.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பேண்டின் ரசிகர்கள் பாலக்கோட்டில் இருக்கிறார்கள் என்று தர்மபுரி நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். சென்னையில் இருப்பார்கள், புதுச்சேரியில் கல்லூரிப் பக்கம் இருப்பார்கள், சரி. தக்காளிக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் பேர் போன ஊரில் ராக் கிதாரும் கானாவும் கலந்த ஒரு பேண்டுக்கு என்ன வேலை என்று பார்க்கத்தான் ஏப்ரல் வெயிலில் கிளம்பி வந்தேன்.

முதலில் தக்காளி மண்டி. பெட்டி பெட்டியாய் இறங்கிக்கொண்டிருந்தது. லோடு ஏற்றுகிற ஒருவரின் சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டிருந்தது. பேண்ட் பெயரைச் சொன்னேன். "இங்கிலீஷ் பாட்டுங்களா?" என்றார். அறிவு என்றேன். முகம் மலர்ந்தது. "எஞ்சாமி பாட்டுக்காரரா? அது எங்க ஊட்டுப் பாப்பாவுக்கே தெரியுமே." 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' மண்டிக்கும் தெரியும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் தெரியும். அதைப் பாடிய அறிவு அதற்கு மூன்று வருடம் முன்பே ஒரு பேண்டில் நின்று பாடினார் என்பது மட்டும் தெரியாது. அது தெரிந்தவர்களைத்தான் நான் பார்க்க வேண்டும்.

பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மொபைல் கடை. ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், டிஸ்ப்ளே மாற்றுவது. உள்ளே இருந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்ற காது வாடிக்கையாளருக்கு. யார் சொல்லி வந்தேன் என்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மெமரி கார்டு இன்னும் ஓடுதுங்ணா," என்றார். டிராக்டரில் இருக்கும் செட்டுக்கும், பெரியவர்களின் பட்டன் போனுக்கும், டீக்கடைப் பெட்டிக்கும் இன்றும் கார்டில்தான் பாட்டு ஏற்றித் தர வேண்டுமாம். ஒரு கார்டுக்கு முந்நூறு பாட்டு. ராஜா பாதி, அம்மன் பாட்டு கொஞ்சம், புதுப் பாட்டு கொஞ்சம். காப்புரிமைச் சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சற்றுக் குரல் தாழ்த்திச் சொன்னார். அவர் ஏற்றித் தரும் ஒவ்வொரு கார்டிலும், யாரும் கேட்காமலே, அந்த பேண்டின் பாட்டு இரண்டைச் சேர்த்துவிடுவாராம். நூற்று இருபதாவது பாட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று.

"திட்டு வாங்கினதில்லையா தம்பி?"

"வாங்காமயா? ஒருத்தரு வண்டிய நிறுத்திட்டு நேரா கடைக்கே வந்துட்டாரு. இன்னாடா பாட்டு இது, எவன்டா உன்னப் போடச் சொன்னதுன்னு. மாத்திக் குடுத்துட்டேன். இன்னொரு தாத்தா வந்தாரு. அவருக்குப் பாட்டு புரியல, அடி பிடிச்சிருச்சு. அந்த மோளப் பாட்டு இன்னும் நாலு இருந்தா போடுன்னாரு."

ரசிகர் மன்றம் என்றால் பேனர், பாலாபிஷேகம், முதல் காட்சி என்று பழகிப்போன நமக்கு இது புது மாதிரி. பெயரே போடாத மன்றம். பிடித்த பாட்டைப் பிடிக்காதவர் வண்டிக்குள் ஏற்றி அனுப்பிவிட்டு, என்ன ஆகிறதென்று காத்திருக்கிறது.

எந்த இரண்டு பாட்டு என்பது ஆளைப் பொறுத்தது. மாட்டுக்கறிப் பாட்டை யாருக்கும் ஏற்றுவதில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் தருவார். இசைவாணி பாடிய ஐயப்பன் பாட்டை அவர் தொட்டதே இல்லை. சபரிமலைக்குப் பெண்கள் போகும் உரிமையைப் பேசும் அந்தப் பழைய பாட்டை 2024 நவம்பரில் திடீரென்று எடுத்துப் போட்டு, இசைவாணி மேலும் பேண்டை உருவாக்கிய இயக்குநர் பா. ரஞ்சித் மேலும் புகார்கள் கொடுத்தார்களே, அந்த மாதம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாலை போட்டிருந்தார்களாம். "நான் கடை நடத்தணும்ங்ணா," என்றார். இதைக் கோழைத்தனம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலையில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை, இன்னொருவர் பெங்களூரில் கட்டட வேலை, வாரக் கடைசியில் ரயிலேறி வந்து போகிறவர். சர்க்கரை ஆலைப் பக்கம் போகும் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் நான் பேசவே இல்லை.

அந்த பேண்டின் முதல் மேடையைப் பற்றி மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டு சொன்னார்கள். 2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாடவும் வாசிக்கவும் வைத்துக் கேட்டு 19 பேரைப் பொறுக்கியிருந்தார்கள். கானாக்காரர்கள், ராப் பாடுகிறவர்கள், கிதார், டிரம்ஸ், கூடவே பறை, சட்டி, கட்டை மோளம். பெண் ஒரே ஒருவர், இசைவாணி. அவர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்ததை, தங்கள் வீட்டுப் பெண் பாஸான மாதிரிச் சொன்னார் ஓசூர் தம்பி. பேண்டின் பெயர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அயோத்திதாசரை அவர் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டைக் கேட்டு, பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடி, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகை தொடங்கியவர் என்பது வரைக்கும் போயிருக்கிறார்.

இவர்களில் யாரும் அந்த மைதானத்தில் இருந்ததில்லை. வீடியோவில் பார்த்ததுதான். ஆனாலும் அந்தக் கோட்டு சூட்டைப் பற்றிப் பெங்களூர்த் தம்பி பேசியதைக் கேட்க வேண்டும். பத்தொன்பது பேரும் ஒரே மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்கள். எங்கள் ஊரில் கோட்டு போட்ட ஒரே ஆள் சிலையாக நிற்கிறார், அவருக்கும் கூண்டு போட்டிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார்.

அந்த வேறு பேச்சு 'ரோலிங் ஸ்டோன்' விவகாரம். 2021 ஆகஸ்டில் அந்தப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் 'எஞ்சாமி'யில் கூடப் பாடிய பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவை வைத்துத் தனியாக ஓர் அட்டை வந்தது. அடுத்த வருடம் ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு, தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், மறுபடியும் அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார், அதனால்தான் என்று ஒரு தரப்பு. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார் என்று இன்னொரு தரப்பு. வருடங்கள் கடந்தும் டீ ஆறிப்போகும் அளவுக்கு அந்த வழக்கு பாலக்கோட்டில் நடந்துகொண்டிருக்கிறது. உண்மையான ரசிகர்களுக்கு இதுதான் அடையாளம் என்று நினைக்கிறேன். பாட்டைவிடப் பாட்டுக்கு நடந்த அநியாயம் துல்லியமாக ஞாபகம் இருக்கும்.

பாட்டைப் பற்றிக் கேட்டேன். அது மெட்ராஸ் பாஷை, மெட்ராஸ் கானா. உங்களுக்கு எப்படி ஒட்டியது? கடைக்காரர் யோசித்தார். "சரியாச் சொல்லத் தெரியலண்ணா. வாங்க, எங்க மாமாவக் கேப்போம்."

மாமாவின் வீடு காலனியில். பம்பைக்காரர். வாசலில் கட்டில், மேலே கொக்கியில் பம்பை தொங்கியது. மேலொன்று கீழொன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம். இந்தப் பக்கத்தில் அங்காளம்மனோ மாரியம்மனோ, பம்பை இல்லாமல் இறங்கி வருவதில்லை. திருவிழாவுக்குப் பம்பை, சாவுக்குத் தப்பு என்று நாற்பது வருடமாக இரண்டையும் வாசித்தவர்.

கடைக்காரர் போனை அவர் காதருகே பிடித்தார். பெரியவர் கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "கட்டை மோளம் அடிக்கிறவன் கை தெரிஞ்சவன்," என்றார் முதலில். "அந்தக் கம்பிப் பொட்டி" — கிதாரைத்தான் — "அடிக்கு எடம் குடுக்குது. இல்லேன்னா ரெண்டும் சண்டதான்." பிறகு ஒரு குறை. வேகம் ஒரே சீராகப் போகிறதாம், எங்கேயும் ஏறவில்லையாம். "நாங்க அடிச்சா அருள் வரணும் கண்ணு. அடிய ஏத்திக்கினே போனாத்தான் வரும். இதுல அருள் வர்றதுக்கு முன்னாடி பாட்டு முடிஞ்சிருது." பேண்டில் பம்பை இல்லையே என்பதும் அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

இசை விமர்சனம் என்று பத்திரிகைகளில் நான் படித்ததில் இந்த அளவுக்கு நேராகப் பேசியது குறைவு. ராக் இசையும் மேளமும் சேரும் பாட்டுகளில் பெரும்பாலும் டிரம்ஸ் மேளத்தை விழுங்கிவிடும். இங்கே அப்படி ஆகவில்லை என்பதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் மருமகனுக்குப் பிடிக்கவில்லை. கானா சாவு வீட்டில் பாடுகிற பாட்டு, தப்பு சாவு வீட்டில் அடிக்கிற அடி. இதை விட்டு வெளியே வரத்தானே எங்கள் வயதுக்காரர்கள் பாடுபட்டோம், நீங்கள் மறுபடி தூக்கிக்கொண்டு ஆடுகிறீர்களே என்றார். பேச்சு சூடானது. தமிழகத்தில் இது பழைய விவாதம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல ஊர்களில் இனி யார் சாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடியும் பட்டார்கள். அதே காலத்தில் திண்டுக்கல்லில் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு போன்றவை, இழிவு என்று சொன்ன கருவியையே பெண்கள் கையில் கொடுத்து மேடையேற்றின. இரண்டும் ஒரே கோபத்தின் இரண்டு வழிகள். மராட்டியத்தில் அம்பேத்கர் காலத்திலேயே பீம்ராவ் கர்டக்கின் ஜல்சாக் குழு ஊர் ஊராகப் பாடிப் போயிற்று. பஞ்சாபில் ஜின்னி மாஹி இன்றைக்கு டி.ஜே. அடியோடு பாடுகிறார். அங்கெல்லாம் இந்தத் தகராறு இவ்வளவு கூர்மையாக இருந்ததா என்பது வேறு கதை. மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மாமன் பக்கமே நியாயம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. தோளில் மாட்டி அடித்தவர் அவர்.

மருமகன் கடைசியில் ஒன்று சொன்னார். "நீங்க அடிச்சது அவங்க கூப்ட்டப்போ, அவங்க தெருவுல. இது நாங்க கூப்ட்டா வருது, எங்க காதுல."

காதில் மட்டுமா? ஊர்த் தெருவில் சத்தமாக வைத்ததுண்டா என்று கேட்டேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை. பேருந்திலும் இல்லை. வண்டியில் போகும்போது ஊர்த் தெரு வந்தால் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கும். யாரும் அடித்ததில்லை, யாரும் மிரட்டியதில்லை. ஆனால் 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் சாதி வன்முறையில் வீடு வீடாக எரிந்ததைப் பள்ளிக்கூட வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டைப் பேருந்தில் போடாதீர்கள் என்று காவல்துறை சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே சாதி வேண்டாம் என்கிற பாட்டுக்கு யாரும் தடை போடவில்லை. கேட்கிறவர்களே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். மெமரி கார்டில் இரண்டு பாட்டை ஒளித்து அனுப்புவது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் போட முடியாத தெருவில் வேறு யாருடைய டிராக்டரோ அதைப் போட்டுக்கொண்டு போகும்.

சத்தமாக வைக்க வருடத்தில் ஒரு நாள் இருக்கிறது. ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். அன்று இரவு காலனி முனையில் பாக்ஸ் கட்டுவார்கள். நான் போன நேரத்தில் அந்த ஏற்பாடுதான் நடந்துகொண்டிருந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து வாடகை பேசினார். ஜெனரேட்டருக்கு டீசல் தனி என்றார். பாட்டு வரிசையை ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்கள். 'ஜெய்பீம் ஆன்தம்' கடைசியில் வர வேண்டும், எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு என்றார் பெங்களூர்த் தம்பி. ஐயப்பன் பாட்டு வேண்டாம் என்று முடிவானது. கோட்டா பாட்டு உண்டு. மாமா, பாக்ஸ் போடுவதற்கு முன்னால் அரை மணி பம்பைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிக்கொண்டார்கள்.

சவுண்ட் சர்வீஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்து மணிக்கு போலீஸ் வருதோ இல்லியோ, நான் லைனப் புடுங்கிருவேன். போன வருசம் கோயில் திருவிழாவுல கேஸ் ஆயிப்போச்சு," என்றார்.

பெங்களூர்த் தம்பி பேனாவை வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டு, ஆன்தத்தைப் பம்பைக்கு அடுத்த வரியில் எழுதினார். கடைக்காரர் சம்மதிக்கவில்லை. நான் ஏழரை வண்டிக்குக் கிளம்பும்போதும் அது முடிவாகவில்லை.