சில்லுக்குப் பெயின்ற் அடிக்க முதல்

அலுமினியத்தில் பெயின்ற் சும்மா அடித்தால் ஒட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஏப்ரல் பிறந்தால் போதும், சொந்தக்காரப் பெடியள் யாராவது எனக்கு ஒரு படம் அனுப்பி, "அண்ணா, இந்த ட்ரக் சில்லைக் கறுப்பாக்க எத்தனை ஸ்பிரே கான் வேணும்?" என்று கேட்பார்கள். கான் கணக்கு கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம்.

அலுமினியம் காற்றில் பட்ட உடனேயே அதன் மேல் ஒரு ஒக்சைட் படலம் படிந்துவிடும். ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்கு கூட வராது. அது உலோகத்தைக் காப்பாற்றும், ஆனால் சாதாரணப் பெயின்றுக்குப் பிடிமானம் கொடுக்காது. அதனால்தான் கொம்பனியில் அதற்கென்று ஒரு அடிப்பூச்சு, மேலே நிறம், அதற்கும் மேலே கிளியர் கோற் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். அந்தக் கிளியர் கோற்றில் ஒரு கல்லுப் பட்டுக் கீறினால், எங்கள் ஒன்ராறியோ வீதி உப்பு அதற்குள்ளே போய்விடும். பிறகு கிளியர் கோற்றுக்குக் கீழே வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள் வரும். உங்கள் வீட்டு வாகனத்திலும் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அது ஊத்தை இல்லை, கழுவினால் போகாது. அரிப்பு.

எங்கள் வீட்டு பிக்கப், அப்பாவுடையது. அதோடு வந்த 18 அங்குல அலுமினியச் சில்லுகள்தான் இப்போது குளிர்கால ரயர்களுக்கு. இரண்டு செற் வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. கோடையில் அவை கராஜில் சும்மா கிடக்கும். ட்ரக்கை ஜக்கில் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போக முதல் எப்படியாவது முடிக்க வேண்டும் என்று ஓட வேண்டியதில்லை. ஜூனில் ஆறுதலாகச் செய்யலாம். கடையில் ஒரு சில்லுக்கு 150 டொலர் கேட்டார்கள். எனக்கு நாலுக்கும் சேர்த்து 160 டொலருக்குள் முடிந்தது. நேரம் இரண்டு வார இறுதி.

அந்த நேரத்தில் பெயின்ற் அடித்தது இரண்டு மணித்தியாலம் கூட இருக்காது. மீதி எல்லாம் கழுவலும் தேய்ப்பும். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவம். அதற்குப் பிறகுதான் சாண்ட் பேப்பர். ஒழுங்கு மாறினால் பிசுக்கைக் கீறலுக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவீர்கள். அரிப்பு உள்ள இடத்தில் 180, பிறகு 320, கடைசியில் 400. பழைய பெயின்றின் ஓரத்தை விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைத் தொடக்கிவிடும். வெடிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அந்தச் சில்லைத் தூக்கி வைத்துவிடுங்கள். அதை மூடிப் பெயின்ற் அடிப்பது ஆபத்து.

நான் இப்படி ட்ரைவேயில் குந்தியிருந்து தேய்க்கிறதைப் பார்த்த பக்கத்து வீட்டு அன்ரி, "மாஸ்டர்ஸ் படிச்ச பிள்ளை சில்லுத் தேய்க்குது" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னா. நான் படித்த படிப்பில் ஒக்சைட் படலம் பற்றி ஒரு பரீட்சைக் கேள்வியே வந்தது, அன்ரிக்கு அது தெரியாது.

அப்பா கிட்ட வரவில்லை. காற்று வருகிற பக்கமாக, இருபது அடி தள்ளிக் கதிரை போட்டு இருந்தார். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா 1989இல் கனடா வந்தவர். முதல் ஒன்பது வருடம் ஒரு கார் திருத்தும் கடையில் ஸ்பிரே பெயின்ற் வேலை. மூக்குக்குக் கடதாசி மாஸ்க் ஒன்று கொடுத்தார்களாம், அவ்வளவுதான். இரவில் இருமல் வரும், சனி ஞாயிறு குறையும், திங்கட்கிழமை திரும்ப வரும். தூசு, குளிர், வீட்டுக் காப்பெற் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில்தான் டொக்ரர் கண்டுபிடித்தார். ஐசோசயனேற். காரில் அடிக்கிற கெட்டியான கிளியர் கோற்றை இறுக வைக்கிற ஹார்ட்னரில் இருக்கிற இரசாயனம். அதற்கு ஒருமுறை உடம்பு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு இழுக்கும். அப்பா அந்த வேலையை விட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல். பஃபர் இன்றைக்கும் சட்டைப் பையில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே சாமான் இப்போது கானிலும் வருகிறது. 2கே கிளியர் என்று எழுதியிருக்கும். கானின் அடியில் ஒரு பொத்தான், அதை அமத்தினால் உள்ளே ஹார்ட்னர் கலக்கும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பெற்றோல் பட்டாலும் அசையாது. வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் புகழ்வார்கள், பாதிப் பேர் மாஸ்க்கே போடாமல். தொழிலாகச் செய்பவர்கள் தனியாகக் குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடியோடு, பெயின்ற் அறைக்குள் நின்று அடிக்கிறார்கள். வடிகட்டி போட்ட மாஸ்க்கை நம்ப முடியாது. வடிகட்டி முடிந்துவிட்டது என்பதை மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, மணம் தெரிகிற அளவுக்கு வர முதலே அது கெடுதல் செய்கிற அளவைத் தாண்டிவிடும். ஆகவே வீட்டில் 1கே கிளியர் போதும். சீக்கிரம் கீறுப்படும், படட்டும். அதற்கும் வெளியில், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க்கோடு. கராஜ் கதவைப் பாதி மூடிக்கொண்டு அடித்தால் ஆவி வீட்டுக்குள்ளே போகும், நெருப்புப் பிடிக்கவும் கூடும்.

அப்பா தூரத்தில் இருந்து இரண்டே விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தம்பி, கை நிக்கக் கூடாது." "தம்பி, நட்டு இருக்கிற இடத்தை மூடினனியோ?"

இரண்டாவதுதான் முக்கியம். ஒவ்வொரு சில்லிலும் ஆறு நட்டு, நாலுக்கும் 24. நட்டு போய் உட்கார்கிற கூம்பான இடத்திலும், சில்லின் பின்பக்கம் ஹப்பில் ஒட்டுகிற வட்டத்திலும் பெயின்ற் படவே கூடாது. அங்கே உலோகம் உலோகத்தோடு அழுந்த வேண்டும். நடுவில் பெயின்ற் இருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நட்டின் இறுக்கம் குறையும். 401இல் நூறில் போகும்போது சில்லு கழன்றால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 1990களில் இங்கே பெரிய ட்ரக்குகளின் சில்லுக் கழன்று உயிர்கள் போயின. 1997இல் ஒன்ராறியோ தனிச் சட்டமே போட்டது: வணிக வாகனத்தின் சில்லு வீதியில் கழன்றால், சாட்டுச் சொல்ல இடமில்லை, 50,000 டொலர் வரை தண்டம். எங்கள் பிக்கப் அந்தக் கணக்கில் வராது. ஆனால் நட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கடதாசியைச் சுருட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக அடைத்தேன்.

ரயரை மறைக்க விளையாட்டுச் சீட்டு நல்லது. சில்லின் விளிம்புக்கும் ரயருக்கும் நடுவில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அப்பாவின் பழைய 304 கட்டில் 32 சீட்டு, ஒன்றோடு ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க, 18 அங்குலச் சில்லை அளவெடுத்த மாதிரிச் சுற்றி வந்தது. மிச்ச ரயருக்குத் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கிற பத்திரிகை.

இனிப் பெயின்ற். வெறும் உலோகம் தெரிகிற இடத்துக்கு அமிலம் கலந்த செல்ஃப் எட்சிங் பிரைமர், அது மேற்பரப்பைக் கொஞ்சம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிறம், பிறகு கிளியர். எல்லாம் மூன்று மெல்லிய கோற், இடையில் பத்து நிமிடம். கானில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைக் கேளுங்கள். ஆரங்களின் உள்பக்கத்தை முதலில் அடித்துவிட்டு முகப்புக்கு வர வேண்டும். 20, 25 சென்ரிமீற்றர் தள்ளி, சில்லுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். அப்பா சொன்ன "கை நிக்கக் கூடாது" இதுதான், நின்ற இடத்தில் வழியும். புழுக்கமான நாளில் வேண்டாம், பால் மாதிரி மங்கும். நாலு சில்லுக்கும் பிரைமர் இரண்டு கான், நிறம் மூன்று, கிளியர் மூன்று. கேட்டீர்களே, இதுதான் கணக்கு.

ஒரு கிழமைக்குத் தொடாதீர்கள். வாகனத்தில் பூட்டும்போது மனுவலில் உள்ள அளவுக்கு ரோர்க் றென்ச்சால் இறுக்கி, 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொருமுறை பாருங்கள்.

எங்கள் சில்லுகள் இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டன. ஒன்றில், வால்வுக்குப் பக்கத்தில், நகம் அளவு பெயர்ந்திருக்கிறது. மிச்சக் கான் தட்டில் இருக்கிறது, ஜூனில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடிக்க வேண்டும்.