சொட்டுகின்ற குழாய்

தாளம் தவறாத சங்கீதம் வேண்டுமென்றால் வித்துவான்களைத் தேடிப் போக வேண்டாம். கொல்லைப்புறத்துக் குழாய் சொட்டினால் போதும். இரவு முழுதும் கச்சேரிதான்.

ஆனால் கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. ஏறக்குறைய இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு; நாலு லிட்டருக்கும் மேல். வருஷத்தில் 1,500 லிட்டரைத் தாண்டும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறித் தண்ணீர் வந்த சென்னையில் இது அற்ப விஷயமா?

திருகு குழாய்களில் பெரும்பாலும் குற்றவாளி, வாஷர் என்னும் ரப்பர் வில்லை. தேய்ந்துபோன வில்லை தண்ணீரின் வழியை அடைப்பதில்லை. பலங்கொண்ட மட்டும் திருகினால் அது இன்னும் நசுங்குமேயன்றி வேறு பயனில்லை. தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி, அதே அளவில் புது வில்லை போட வேண்டும். இதை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

சுவருக்குள் கசிவு என்றால் நம் சாமர்த்தியத்தைக் காட்டாமல் குழாய் வேலைக்காரரை அழைப்பதே புத்தி. கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மாற்றிய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்குமேல் பேரம் வேண்டாம். வைத்தியருக்கு வாய் திறவாமல் பணம் கொடுக்கும் நாம், இவரிடம் மட்டும், "அரை மணி வேலைக்கு இவ்வளவா?" என்கிறோம். அந்த அரை மணிக்குப் பின்னால் எத்தனை வருஷத்துப் பழக்கம் இருக்கிறது!

பக்கத்தில் நின்று குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பின் உயர்வைப் பற்றி நான் வகுப்பில் நடத்தும் பாடத்தை வாசற்படியில் அழித்துவிடாதீர்கள்.