சின்னங்கள் பிறக்கும் இடம்

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கிறது. 1949-ல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட அந்தச் சின்னம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது எங்கள் பக்கத்து மக்களின் உறுதியான நம்பிக்கை. மதுரைக் கோபுரம்தான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அரசாங்கம் கூடிப் பேசி ஒரு சின்னத்தை வைத்துக்கொள்கிறது. மனசு தன் சின்னங்களை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது?

நான் வளர்ந்தது ராஜபாளையத்தில். விடியுமுன் பஞ்சாலைச் சங்கு ஊதும். அந்த நேரத்தில்தான் அம்மா, வேலைக்குப் புறப்படும் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு வைப்பாள். சுடுசோற்றில் ஓர் உருண்டை எனக்குக் கிடைக்கும். இன்றைக்கும் சங்கொலி கேட்டால் என் வயிற்றில் ஒரு கதகதப்பு. அடுத்த வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அதே சங்கு ஊதினால் அவன் போர்வைக்குள் சுருண்டுகொள்வான். ராத்திரி வேலைக்குப் போன அவன் தகப்பனார் ஒருநாள் காலைச் சங்கு ஊதிய பிறகும் திரும்பவில்லை, சேதிதான் வந்தது. எனக்குச் சோறாக ஒலித்தது அவனுக்குச் சாவாக ஒலித்தது.

அப்படியானால், எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் சிலேட்டுத்தானா மனசு? அதுவும் இல்லை. 1980-களில் அமெரிக்காவில் சூசன் மினேக்கா என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து, பாம்பைப் பார்த்தேயறியாத குரங்குகள் அவை. பாம்பைக் காட்டினால் அஞ்சவில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு மிரளுவதைப் பார்த்ததும், தாமும் சீக்கிரமே அஞ்சக் கற்றுக்கொண்டன. பிறகு, பூவைக் கண்டு குரங்கு மிரளுவதுபோல் படத்தை ஒட்டுப்போட்டுக் காட்டினார்கள். பூவுக்கு அவை அஞ்சவே இல்லை! பாம்புக்கென்று உடம்பு முன்பே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. அனுபவம் வந்து அங்கே உட்காருகிறது. நாமும் இருட்டில் கயிற்றைப் பாம்பென்றுதான் மிரளுகிறோம். பூமாலை என்று மயங்குவதில்லை அல்லவா?

தாய்க்கும் அப்படி ஓர் இடம் உண்டு. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, மற்றொரு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்று 1980-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. பேச்சு வருவதற்கு வெகு முன்னாலேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, பேச்சு போன பிறகும் அது மிஞ்சுகிறது.

என் அம்மா பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். முதுமையில் அவளுக்கு ஞாபகம் அழிந்துகொண்டே வந்தது. ஊர்களின் பெயர்கள் போயின. பிறகு என் பெயரும் போயிற்று. ஒருநாள் அவளைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ப் பயணந்தான். பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும் அவள் கைகள் தாமே குவிந்தன.

"அது என்னம்மா?" என்று கேட்டேன்.

பெயர் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அய்யா தோள்ல தூக்கிக் காட்டுவாரு" என்றாள்.

நம் வீட்டுக் குழந்தைகள் இன்று எதை அண்ணாந்து பார்க்கிறார்கள், யாருடைய தோளிலிருந்து பார்க்கிறார்கள் என்பதை நாமும் கொஞ்சம் கவனிக்கலாம்.