"அலோவ்" பட்டனும் ஒரு உம்மாவின் கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. போனில் எது வந்து கேட்டாலும் "அலோவ்" அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். இதில் குற்றவாளி வேறு யாருமில்லை, நான்தான்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதிலிருந்து எங்கள் பிள்ளைகளின் படிப்பு போனுக்குள் போன கதை எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப் குரூப்பில் வினாத்தாளைப் போடுவேன். பிள்ளைகள் விடையைப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். எது யாருடைய விடை என்று தேடுவதிலேயே இரவு போய்விடும். பாடசாலை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் மருமகனின் உதவியோடு சின்னதாக ஒரு இணையத்தளம் செய்தேன். பிள்ளைகள் உள்ளே வந்து மாதிரி வினாத்தாளை எடுக்கலாம், விடையைப் போடலாம், புள்ளியைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்வேர்ட் நானே கொடுத்தேன். இரவு பத்து மணிக்குக் கோல் வரும், "ஸேர், பாஸ்வேர்ட் மறந்துட்டன்." சிலர் தாங்களே மாற்றிக்கொண்டார்கள், அதுவும் உம்மாவின் பேஸ்புக் பாஸ்வேர்டையே இங்கும் போட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அந்தக் கொப்பியை ஆசிரியர் அறை மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மற்றவர் வீட்டுச் சாவிக்கொத்தைச் சுமக்க நான் யார்?

அப்போதுதான் "கூகுள் மூலம் உள்நுழைக" என்ற பட்டனைப் போட முடிவெடுத்தோம். நீங்கள் பல தளங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் உள்ள முறைக்கு ஓஓத் என்று பெயர்.

எங்கள் ஊருக்குப் பழக்கமான ஒரு விடயத்தை வைத்துச் சொல்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் ஊரில் காணி அலுவல் பார்க்க வேண்டும். வர முடியாது. தன் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் தம்பியிடம் தூக்கிக் கொடுப்பாரா? மாட்டார். அற்றோணித் தத்துவம் எழுதுவார். அதிலும் விசேடம் என்று ஒன்று, பொது என்று ஒன்று. விசேட அற்றோணியில் இந்தக் காணிக்கு, இந்த வேலைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். பொது அற்றோணி கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். தேவை முடிந்தால் இரத்துச் செய்யலாம்.

ஓஓத்தும் இதுதான். பிள்ளை என் தளத்துக்கு வருகிறது. நான் அதைக் கூகுளிடம் அனுப்புகிறேன். பாஸ்வேர்டைப் பிள்ளை கூகுளின் பக்கத்தில்தான் அடிக்கும். என் கண்ணுக்கு அது வரவே வராது. "இன்ன தளம் இன்னின்னதைக் கேட்கிறது, சம்மதமா?" என்று கூகுள் நொத்தாரிசு மாதிரிக் கேட்கும். சம்மதம் என்றால் என் தளத்துக்கு ஒரு சின்னக் குறியீடு வரும். அதையும் எனக்கென்று தந்திருக்கும் இரகசியச் சொல்லையும் காட்டினால் கூகுள் ஒரு டோக்கன் தரும். அது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மட்டும் செல்லும் சீட்டு.

முன்பெல்லாம் இப்படி இல்லை. உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம், ஜிமெயில் பாஸ்வேர்டைத் தாருங்கள் என்று தளங்கள் நேரடியாகவே கேட்ட காலம் இருந்தது. மக்களும் கொடுத்தார்கள். அந்த ஆபத்துக்கு மாற்றாகத்தான் 2007இல் ஓஓத் முதல் வடிவம் வந்தது. இன்று பரவலாகப் பாவிக்கும் இரண்டாவது வடிவம் 2012இல் வெளியானது.

சரி, நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

பிள்ளைகள் விடைத்தாள் போட்டோவைத் தங்கள் கூகுள் ட்ரைவில் போட, என் தளம் அங்கிருந்து எடுக்கட்டும் என்று நினைத்தேன். யூடியூப்பில் ஒரு பாடத்தைப் பார்த்து, அவர் எழுதிய அனுமதிப் பட்டியலை அப்படியே கொப்பி பண்ணினேன். வேலை செய்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். "இந்த ஆப்பைக் கூகுள் சரிபார்க்கவில்லை" என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வந்தது. அதை எப்படித் தாண்டுவது என்று குரூப்பில் வொய்ஸ் ஒன்றும் போட்டேன்: "பயப்பட வேணாம் புள்ளைகள், அட்வான்ஸ்ட் எண்டதை அமத்தி உள்ளுக்குப் போங்க, மறுகா எல்லாத்துக்கும் அலோவ் குடுங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவியின் உம்மா கோல் எடுத்தார். மருதமுனைப் பக்கம். மகள் உயர்தரம், வாப்பா கட்டாரில். வீட்டில் ஒரே போன், அதில் உம்மாவின் ஜிமெயில்.

"ஸேர், உங்கட வெப்சைட் எங்கட ட்ரைவ்ல உள்ள எல்லாத்தையும் பார்க்க, மாத்த, அழிக்க எண்டு கேக்குது. என்னத்துக்கு ஸேர்?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அது ஒண்டுமில்ல ராத்தா, எல்லா ஆப்பும் அப்படித்தான் கேக்கும். அலோவ் குடுங்க."

"சரி ஸேர்" என்று வைத்துவிட்டார். ஆனால் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு மாதமாகத் தளத்துக்கு வரவில்லை. மூன்று மாதிரி வினாத்தாள் தவறிவிட்டது. நானும் சோம்பல் என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "உம்மா பயப்படுறா ஸேர். சுனாமில எங்கட காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கடலோட போன. மறுகா கஷ்டப்பட்டு எடுத்ததையெல்லாம் ஸ்கேன் பண்ணி ட்ரைவ்லதான் வச்சிருக்கம். வாப்பாட பாஸ்போட்டும் அதுலதான்."

2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். உயிர் தப்பியவர்கள், தாங்கள் யார் என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததைப் பார்த்தவன் நான். அப்படித் திரும்பப் பெற்ற கடதாசிகளை ஒரு உம்மா இருபது வருடமாகப் பொத்திப் பாதுகாக்கிறார். நான் நாலு போட்டோ எடுப்பதற்காக அந்தப் பெட்டியையே திறந்து தரச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அழிக்கும் அதிகாரத்தோடு. விசேட அற்றோணி போதுமான இடத்தில் பொது அற்றோணியில் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன்.

என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் என் தளத்தை யாராவது உடைத்திருந்தால்? அத்தனை குடும்பங்களின் டோக்கனும் அவன் கையில்.

இது வெறும் பயமல்ல. 2017 மே 3ஆம் திகதி "கூகுள் டொக்ஸ்" என்றே பெயர் வைத்த ஒரு போலி ஆப் மின்னஞ்சலில் பரவியது. யாருடைய பாஸ்வேர்டையும் அது திருடவில்லை. உண்மையான கூகுள் பக்கத்திலேயே அனுமதி கேட்டது, மக்கள் அலோவ் கொடுத்தார்கள். உடனே அவர்களின் தொடர்பில் உள்ளவர்களுக்கெல்லாம் அதே மின்னஞ்சல் போனது. கூகுள் ஒரு மணித்தியாலத்துக்குள் நிறுத்தியது. பேஸ்புக்கிலும் ஒரு ஆளுமைப் பரீட்சை ஆப்புக்கு அனுமதி கொடுத்தவர்கள் ஏறக்குறைய 2,70,000 பேர்தான். ஆனால் நண்பர்களின் விபரமும் சேர்ந்து 8 கோடி 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே 2018இல் சொன்னது. அதுதான் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம்.

அன்றிரவே மருமகனோடு உட்கார்ந்து மாற்றினேன். இப்போது என் தளம் கேட்பது பெயர், மின்னஞ்சல் முகவரி, முகப்புப் படம். ட்ரைவ் இல்லை. விடைத்தாளைப் போனிலிருந்து நேரே தளத்தில் போடலாம். அந்தப் பயமுறுத்தும் எச்சரிக்கையும் போய்விட்டது. அது வந்ததே நான் அளவுக்கு மீறிக் கேட்டதால்தான் என்று அப்போதுதான் விளங்கியது. பழைய டோக்கன்கள் எல்லாவற்றையும் இரத்துச் செய்தோம். ஜிமெயில் கொடுக்க விரும்பாத பிள்ளைக்கு வினாத்தாளைக் கையில் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். ஒரே ஜிமெயிலில் மூன்று பிள்ளைகள் வரும் வீடுகள் இருக்கின்றன. கூகுள் சொல்வது எந்தக் கணக்கு என்பதை மட்டும்தான், எந்தப் பிள்ளை என்பதை அல்ல. அதனால் உள்ளே வந்த பிறகு சுட்டிலக்கம் கேட்கிறோம்.

ஊரில் ஆப், வெப்சைட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு: தேவையானதை மட்டும் கேளுங்கள். இரகசியச் சொல்லை சேர்வரில் வையுங்கள், கிட்ஹப்பில் பகிரங்கமாகப் போடாதீர்கள். திரும்பி வரும் முகவரி ஒரு எழுத்து பிசகினாலும் கூகுள் விடாது. அது தொல்லை இல்லை, குறியீடு வேறு யாருக்கும் போகாமலிருக்கும் காவல். முக்கியமாக, எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். நான் பழக்கினேன். நாளை ஒரு கள்ளன் வந்து கேட்டாலும் அவர்கள் தாண்டுவார்கள்.

மற்ற எல்லோருக்கும்: கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். மூன்றாம் தரப்பு ஆப்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பேஸ்புக் செட்டிங்கிலும் "ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்" என்று இருக்கிறது. முன்பு எப்போதோ கொடுத்து மறந்த அனுமதிகளைப் பார்ப்பீர்கள். தெரியாததை நீக்குங்கள். பாஸ்வேர்ட் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், கொடுத்த அனுமதி அதோடு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்த உம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன ஸேர்" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகள் இப்போது தளத்துக்கு வருகிறது. தவறிய மூன்று வினாத்தாளையும் என்னிடம் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டது.

மற்றவர் பொருள் நம்மிடம் அமானிதம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அனுமதியும் அப்படித்தான் என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

பட்டியலைப் பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போனைக் கொண்டு என்னிடம் வாருங்கள். இருந்து பார்த்துத் தருகிறேன். பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்ல வேண்டாம்.